மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு மணி

சித்தப்பாவுக்கு கோல்ஃப் பைத்தியம் எங்கிருந்து தொற்றியது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர். ஆற்றுக்கு அக்கரை ஊரான புரோசார்டில் யாரோ விற்ற பழைய மட்டைகளை வாங்கிவந்து, கர்க்லாண்டில் எங்கள் வீட்டு நிலவறையில் கம்பளத்தை விரித்துக் குளிர்காலம் முழுக்க அடித்துப் பழகினார். ஒவ்வொரு 'டொக்'குக்கும் மேலே அம்மா தலையில் கை வைப்பார்.

அவருக்கு ஒரே ஆசைதான். அந்த ஆறு அகன்று உப்பாகிக் கடலாகிற இடத்தில், நூறு வருடத்துக்கும் மேல் பழைய மைதானம் ஒன்று இருந்தது. மரமே கிடையாது, மணல்மேடு, முழங்கால் அளவு புல், ஓயாத காற்று. அங்கே பதினெட்டுக் குழியையும் ஒருமுறை ஆடிவிட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயதான கோடையில் குடும்பமே காரில் கிளம்பியது. மற்றவர்கள் புட்டும் சம்பலுமாகக் கடற்கரையில் இறங்கிவிட, நான் மட்டும் அழுது அடம்பிடித்து அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அன்று அவர் ஆடிய ஆட்டத்தை நான் மறக்கவில்லை. பந்தைக் கடலைப் பார்த்து அடிப்பார். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து குழிப்பக்கம் போடும். எட்டுக் குழி முடிந்தது. ஒன்பதாவது குழி ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. பையருகே நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டை தேடினார். நான் மேட்டைச் சுற்றி ஓடினேன்.

அங்கே ஒரு கம்பத்தில் பித்தளை மணி தொங்கியது. முன்னால் ஆடுகிறவர்கள் முடித்துப் போகும்போது, பின்னால் வருகிறவர்கள் அடிக்கலாம் என்று அறிவிக்கும் மணி அது. எனக்கு அது எப்படித் தெரியும்? கோயிலில் மணியைக் கண்டால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். மூன்று தரம் அடித்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண் திறந்தபோது, இன்னும் ஆடிக்கொண்டிருந்த வயதான தம்பதிக்கு நடுவே ஒரு பந்து விழுந்து, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தபடி மேடேறி வந்த சித்தப்பாவின் முகம் வெளிறியது. ஓடிவந்து என் தலையையும் கையையும் தடவினார்.

"எங்கையும் பட்டதோ, பிள்ளை?"

சிறு வண்டியில் மேற்பார்வையாளர் வந்தார். கிழவர் என்னைக் காட்டிப் பிரெஞ்சில் கத்தினார். சித்தப்பா அதே பிரெஞ்சில், பிள்ளையில் பிழையில்லை, மணியை அடிக்கச் சொன்னது நான்தான் என்றார். அப்படியானால் நீங்கள் இனி இங்கே ஆட முடியாது என்றார் மேற்பார்வையாளர். சித்தப்பா தொப்பியைக் கழற்றி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். வாழ்நாளிலேயே சிறப்பாக அடித்த பந்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கப்பால் இன்னும் ஒன்பது குழிகள் இருந்தன.

கடற்கரைக்குப் போகும் வழியில் நான் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"மணி அடிச்சது என்ர யோசனை. ஏன் உங்கட எண்டு சொன்னனீங்கள்?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, உன்ர யோசனைதான். நான் அப்பிடிச் சொன்னது பிழை."

புட்டுச் சாப்பிடும்போது, பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன்.