வுடு

அந்த லீவர் இப்போது எங்கள் சமையலறை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. முழ நீள இரும்பு, ஒரு முனை மட்டும் வாத்து மூக்கு மாதிரி தட்டையாக வளைந்திருக்கும். கார் டயரை ரிம்மில் ஏற்ற என் மாமனார் வைத்திருந்தவற்றில் ஒன்று. காற்றில் ஜன்னல் ஆடும்போது அது சிமெண்டில் உரசிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

படாளத்தில் மாமாவுக்கு ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. ஆட்களை மகாபலிபுரம் கூட்டிப்போய்த் திரும்புவதுதான் பிழைப்பு. கடற்கரையில் நின்று நின்று ரிம்மெல்லாம் உப்புக் காற்றில் துருவேறிக் கிடக்கும். மெயின் ரோட்டிலேயே பஞ்சர் கடை இருக்கிறது, மெஷினோடு. போகமாட்டார். எப்போதோ ஒரு கடையில் ரிம்மைக் கீறிவிட்டார்களாம். 'என் வண்டில எவனும் கை வெக்க வாணாம்' என்று அன்றைக்கு ஆரம்பித்தவர், எல்லா டயரையும் வீட்டு வாசலிலேயே மாட்டினார். அவருக்குக் கை போதும்; ஆனால் இன்னொருவர் கால் வேண்டும். டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு பக்கத்தை ரிம்முக்குள் அழுத்தி ஒருவர் ஏறி நிற்க வேண்டும். மறுபக்கத்தை அவர் லீவரால் நெம்பி நெம்பி உள்ளே தள்ளுவார். நிற்பவர் காலை எடுத்தால் டயர் பிதுங்கி வெளியே வரும், லீவர் எகிறும். வழக்கமாக நிற்பது என் கணவர்.

நான் தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. பி.காம். படித்துவிட்டு நாள் முழுக்க சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்கு வேலைக்கான நேர்காணலுக்குப் போய்வந்தேன். சனிக்கிழமை காலை கூப்பிடுகிறோம், திங்கட்கிழமையே சேர வேண்டியிருக்கும் என்றார்கள்; வீட்டிலும் சொல்லிவைத்திருந்தேன். கிடைத்தால் தினமும் ரயிலேறலாம், யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பார்த்தா டயர் போக வேண்டும்! மதியம் மாமாவுக்குச் சவாரி இருந்தது. கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். 'யம்மா, கொஞ்சம் வந்து மிதி. நான் சொல்ற வரிக்கும் காலை எடுக்காத. லீவரு எகிறுச்சுனா என் மூஞ்சி காலி' என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்க, வழுக்குகிற டயர்மேல் ஏறி நின்றேன். பாதி டயர் உள்ளே போயிருக்கும். போன் அடித்தது.

'மாமா, போன்!' என்று கத்தினேன். 'வுடு, வுடு' என்றார். போன் கிடக்கிறது, விட்டுத் தள்ளு என்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. என் கண் வாசற்படியிலேயே இருந்தது, அவர் கை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. காலை எடுத்தால் அவர் முகம் போய்விடும், எடுக்காவிட்டால் என் வேலை போய்விடும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஓய்ந்தது. மாமா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நெம்பத் தொடங்கினார். டயர் ஏறியதும் ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். 'நீங்க எடுக்கலையேன்னு அடுத்தவங்களக் கேட்டோம், அவங்க வரேன்னுட்டாங்கம்மா' என்று அங்கே ஒரு பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமா திறந்தார், ஊர் முழுக்க. 'எம் மருமவ இன்னா பொண்ணு தெரியுமா! வேலைக்கு போன் வந்துகினு கீது, காலை எடுக்கல. வூடுதான் பெருசுன்னு நின்னா!' சொந்தக்காரர்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். வேறு வேலை தேடலாமா என்று நான் பேச்செடுத்தால், 'உனக்குத்தான் அந்த ஆசையே இல்லையே' என்று கணவர் சிரித்தார். நல்ல பெயர் எடுத்தாயிற்று, வசமாக மாட்டிக்கொண்டேன். பிடித்து நிறுத்தியதும் இந்த மனுஷன், பெருமை பேசுவதும் இந்த மனுஷனா என்று மனசுக்குள் அவரை வையாத நாள் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஒரு டயர், மறுபடி என் கால். பாதியில் அடுப்பில் பால் பொங்குகிற வாடை வந்தது. 'வுடு' என்றார் மாமா. நின்றேன். 'இன்னாம்மா, வுடுன்றேன், நின்னுகினே கீற? காலை எடுத்துட்டுப் போ, பால் பொங்குது பாரு.' குனிந்து பார்த்தேன். லீவரை உருவிப் பக்கத்தில் போட்டிருந்தார். கால் இறங்கவில்லை எனக்கு. 'அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்களா மாமா? போன் வந்தப்போ?' என்றேன். 'ஆமா, போய்ப் பேசுன்னுதான் வுடுன்னேன். நீதான் எடுக்கல. வாணாம்னு நீயே நின்னுட்டன்னு நெனச்சிகினேன்...' சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். 'அடக் கடவுளே' என்றார். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் விட்டால்தானே? அவரைக் கிடத்தியிருந்த அன்றுகூட, போன் அடித்தும் காலை எடுக்காத மருமகள் என்றுதான் என்னைக் காட்டி அழுதார்கள். வைவதற்கென்று நான் வைத்திருந்த ஆளும் போய்விட்டார். யாரை வைவது? ஒரு வார்த்தையையா?

காரை இப்போது கணவர் ஓட்டுகிறார். அப்பாவைப் போலவே பஞ்சர் கடைக்குப் போகமாட்டார். போன வாரம் ஜன்னலிலிருந்து லீவரை எடுத்துக்கொண்டு, 'வந்து மிதி' என்றார். மிதித்தேன். பாதியில் கை வலித்திருக்க வேண்டும், லீவரை உருவிக் கீழே போட்டுவிட்டு, 'வுடு' என்றார். சொல்லி வாய் மூடுமுன் காலை எடுத்துவிட்டேன். எடுத்த காலோடு வாசற்படியைப் பார்த்து நின்றேன். உள்ளே போன் எதுவும் அடிக்கவில்லை.