ஜன்னல் வரிசை சுவிட்சு

விருதுநகரில் ஒரு பெரிய சர்க்கார் ஆபீசுக்குக் கூட்டிப் பெருக்க நான் வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதுக்கு முந்தி வெம்பக்கோட்டைப் பக்கம் பயராபீஸ் வேலை. பட்டாசுக் கம்பெனியை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். குமரியாக இருக்கையில் போனவள், மகளைக் கட்டிக்கொடுத்து, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, மகளோடு விருதுநகருக்கு வரும்வரைக்கும் அதே வேலைதான். கம்பி மத்தாப்பை மருந்தில் முக்குவதில் என் கைக்கு ஒரு பேர் உண்டு. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பட்டாசு ரூமில் கரண்டு ஆகாது. லைட்டு, ஃபேன் ஒன்றும் கிடையாது. வெளிச்சமும் காத்தும் வாசல் வழியாக வந்தால்தான் உண்டு. பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது. செருப்பைக் கழற்றி, கொண்டை ஊசியைக் கழற்றி, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கணும். உடம்பில் ஒட்டியிருக்கிற கரண்டு தகட்டு வழியாக மண்ணுக்குள் போய்விடும் என்பார் போர்மேன். அது என்ன உடம்பில் கரண்டு என்று நான் கேட்டதில்லை. கையை வைத்தேன், உயிரோடு வீட்டுக்கு வந்தேன். அது போதும்.

வீட்டுக்குப் புதுசாகக் கரண்டு இழுத்த சமயம், ஒரு நாள் மேலெல்லாம் அலுமினியப் பொடியோடு வந்து நானே சுவிட்சைத் தட்டினேன். உள்ளே நீலமாக ஒரு பொறி தெறித்தது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து கையை வெடுக்கென்று இழுத்தார். "மேலெல்லாம் வெடிமருந்தோட வந்து இதுலயா கை வைக்கே? உனக்கு என்ன கிறுக்கா?" என்று சத்தம் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு நெஞ்சுக்குள் இறங்கின பயம் அப்புறம் ஏறவே இல்லை. அதுக்குப் பிறகு வீட்டில் லைட்டுப் போட்டது அவர், பிறகு மகள், பிறகு பேத்தி. "அந்த லைட்டைப் போடு" என்று நான் அதிகாரமாகச் சொல்வேன். மாமியார் மிடுக்கு என்று மருமகன் நினைத்திருப்பார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், பயம் என்று தெரியாமல் இருந்தால் சரி.

ஆபீசில் எனக்கு மேல்மாடி. காலையில் ஆட்கள் வருமுன் போய், ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, வருகிற வெளிச்சத்தில் பெருக்கி முடித்துவிடுவேன். வாசலில் நுழையும்போது இரும்புக் கேட்டில் கையை வைப்பேன். பழக்கம் விடவில்லை. ஹெட் கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "ஆயாவுக்கு ஆபீஸ்னா கோயில். கும்பிட்டுத்தான் உள்ள வருது" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது நல்லதாகத்தான் இருந்தது, நானும் மறுக்கவில்லை. அப்புறமாக அட்டெண்டர் வந்து பலகையில் இருக்கிற சுவிட்சை எல்லாம் ஒரே தடவலில் தட்டிவிடுவார். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே அம்புட்டு டியூப் லைட்டும் சாயங்காலம்வரை எரியும்.

அந்தச் சமயம்தான் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு எஞ்சினியரிங் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். சர்க்கார் கட்டடங்களில் கரண்டு எங்கே வீணாகிறது என்று பார்த்து, குறைக்க வழி பண்ணிக் கொடுக்கிற வேலையாம். மாடிக்கு மாடி மீட்டர் வைத்தார்கள். ஏணி போட்டு ஃபேனைக் கழற்றிப் பார்த்தார்கள். ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்ற பீரோக்களை நகர்த்தச் சொன்னார்கள். ஹெட் கிளார்க், அந்த பீரோ அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பதாகவும், நகர்த்தினால் வெயில் தன் வழுக்கையில் விழும் என்றும் மல்லுக்கட்டினார். வந்தவர்களில் பெரிய எஞ்சினியர் நாற்பது வயசு இருப்பார். குரலை உயர்த்தாத மனுசன். பீரோவை நகர்த்தி, ஹெட் கிளார்க் நாற்காலியையும் சேர்த்து நகர்த்திவிட்டார்.

ஒரு நாள் காலையில் அந்த எஞ்சினியர் வந்து மாடிப்படியில் நின்று நான் பெருக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆபீசர், கிளார்க்குகள் எல்லாரும் வந்த பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மேல்மாடியில காலையில மீட்டர் அசையவே இல்லை. மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். வந்து பார்த்தா, அம்மா ஜன்னல் வெளிச்சத்திலயே வேலையை முடிச்சிருக்காங்க. யாரும் சொல்லிக்கொடுக்காமலே கரண்டை மிச்சம் பிடிச்சிருக்காங்க சார்."

ஆபீசர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நான் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். நான் எங்கே மிச்சம் பிடித்தேன், சுவிட்சுக்குப் பயந்தல்லவா லைட்டுப் போடாமல் பெருக்கினேன்? ஆனால் அம்புட்டுப் பேருக்கு முன்னால் என்னை அதுவரை யாரும் மெச்சினதில்லை. வாயைத் திறக்க மனசு வரவில்லை.

அதில் வந்தது வினை. ஜன்னலோரத்து லைட்டுகளுக்கு ஒரு சுவிட்சு, உள்வரிசைக்கு இன்னொரு சுவிட்சு என்று புதுப் பலகை மாட்டப்போகிறார்கள், வெயில் ஏறினதும் ஜன்னல் வரிசையை அணைக்கிற பொறுப்பு இனி அம்மாவுடையது என்று ஆபீசர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எல்லார் முன்னிலையிலும் நான்தான் முதலில் அமுக்கணுமாம்.

"ஆயா இனிமே மின்சார மந்திரி" என்றார் ஹெட் கிளார்க்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். படுத்தால் அட்டெண்டர் அமுக்குவார், மெச்சினது எல்லாம் அவருக்குப் போகும். போனேன்.

கேட்டில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கையை வைத்திருந்தேன். மேலே எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். பச்சைப் பொட்டு ஒட்டின சுவிட்சு ஜன்னல் வரிசைக்கு. கையைத் தூக்கினேன், பாதி தூரம் போய் நின்றுவிட்டது. என்னை அறியாமல் இடது கையிலிருந்த ஒட்டடைக் கம்பைத் தூக்கி, அதன் நுனியால் தட்டப் போனேன். கிளார்க்குகள் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று நினைத்தார்கள் போல.

எஞ்சினியர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "சார், ஒரு வயரைச் சரிபார்க்கணும். எல்லாரும் டீ குடிச்சிட்டு வந்திருங்க" என்றார்.

அவர்கள் போனதும் மெயினை அணைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். "சுவிட்சுன்னா பயமாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "பயராபீஸ்ல இருந்தவ நான். வாசல் செம்புத் தகட்டுல கை வைக்காம உள்ள போனதில்லை. ஒரு பொறி போதும், ரூமே இருக்காது" என்றேன்.

அவர் பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். பச்சையாக ஒரு வயர். அது சுவரோடு இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் போகிறது என்றார். உங்க வாசல் செம்புத் தகடு போகிற இடத்துக்குத்தான் இதுவும் போகிறது என்றார். அந்த வயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் அவர் குரலை இறக்கிக்கொண்டு, "நான் இதுவரைக்கும் ஒரு கம்பி மத்தாப்புகூடப் பிடிச்சதில்லைம்மா. தீபாவளின்னா கதவைச் சாத்திக்குவேன். பிள்ளைகளுக்கு எல்லாம் என் வீட்டம்மாதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்தாப்புக்கா பயப்படுறீக? பச்சைப்பிள்ளை பிடிக்கிறதுய்யா அது."

"சுவிட்சும் பச்சைப்பிள்ளை அமுக்குறதுதாம்மா."

அவர் பலகையை மாட்டி மெயினைப் போட்டார். டீ குடித்துவிட்டு எல்லாரும் வந்தார்கள். "வயர் சரியா இருக்கு. அம்மா, அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். ஜன்னல் வரிசை அணைந்தது. யாரும் வித்தியாசம் சொல்ல முடியாதபடி வெயில் மேசையெல்லாம் கிடந்தது.

அதுக்கப்புறம் அந்த மாடியில் என் ராஜ்ஜியம்தான். ஆள் இல்லாத இடத்தில் ஃபேன் ஓடினால் அணைப்பேன். ஹெட் கிளார்க் சாப்பிடப் போய்விட்டு வந்து, "ஏன் ஆயா, அஞ்சு நிமிசம் பொறுக்கக்கூடாதா?" என்பார். "வேர்த்தா பீரோ இருந்த இடத்துல ஜன்னல் இருக்கு, அங்கன போயி நில்லுங்க" என்பேன். அவரும் போய் நிற்பார். எங்க ஜில்லா முழுக்கக் கரண்டு கட்டு வந்து ஊரே புழுங்கின காலத்தில், மேல்மாடியில் மட்டும் வேலை நடந்தது. இன்றைக்கும் அந்த ஜன்னல்களும் அந்தக் காலைக் காற்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

கம்பெனி ஆட்கள் கிளம்பின அன்றைக்கு, என் பழைய பயராபீசிலிருந்து வரவழைத்த கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றை எஞ்சினியர் கையில் கொடுத்தேன். வாங்கும்போதே கையைக் கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தார். என் பயத்தை அவர் ஆபீசில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்த மரியாதைக்கு வேறு என்ன கொடுக்க?

தீபாவளி முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கு, ஹெட் கிளார்க் மேசை போனில் எனக்கு அழைப்பு. அந்தக் கட்டடத்தில் எனக்கு வந்த ஒரே போன் அதுதான்.

"பிடிச்சிட்டேம்மா. கடைசிவரைக்கும் பிடிச்சேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?"

"மூடிக்கிட்டுத்தாம்மா" என்றார்.

"அடுத்த வருசம் திறந்துக்கிட்டுப் பிடிங்க, பாக்க நல்லாருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.