மூன்று விரல் நண்டு

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் நண்டு கேட்டேன். மேலோட்டை நீக்கி, டப்பாவில் அடைத்து நீட்டினார்கள். முதுகில்லாத நண்டை வாங்கி நான் என்ன செய்வது? வேண்டாமென்று வந்துவிட்டேன். வீட்டில் இதற்குக் கிறுக்கு என்று பெயர்.

என் சின்ன வயதில், அறுப்புக் காலத்தில் அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு நண்டுக்காரம்மா எங்கள் தெருவுக்கு வருவார். நெல்லுக்கு நண்டு. முதலில் கூடையின் கடல் வாடை வரும், அப்புறம்தான் அவர் குரல். நண்டின் முதுகில் மூன்று செம்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம். அது ஏன் என்று என் அம்மா கேட்டதற்கு அவர் ஒரு கதை சொன்னார். கரையில் கிடப்பதெல்லாம் தனக்கே என்ற ஒரு ராஜா, வெற்றிலை போட்டுச் சிவந்த மூன்று விரலை, சுண்ணாம்பு காயுமுன் நண்டின் முதுகில் பதித்தானாம்.

"குறி வச்சுட்டான். நண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு. இப்ப நண்டு யாரோடது, சொல்லுங்க?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் கூலிக்குப் போன பண்ணையிலும் அதே வழக்கம்தான். களத்து நெல்லை யாரும் அள்ளிவிடக் கூடாதென்று, குவியலின் மேல் பண்ணை ஏஜெண்ட் சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று விரல் குறி வைப்பார். குறி கலைந்தால் நாங்கள் திருடர்கள். அறுத்ததும் அடித்ததும் நாங்கள்தான், அது கணக்கில்லை.

குடியிருப்பவருக்கே மனை என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். எங்கள் ஊருக்கு அது நடந்தே வந்தது போலும். அதற்குள் தன் நிலத்தில் குடியிருந்த எங்களைக் காலி செய்துவிடப் பண்ணைக்கு அவசரம். ஒரு காலையில் ஏஜெண்ட் வந்து, விவசாயச் சங்கக் கொடி பிடித்தவர்களின் குடிசைச் சுவரில் மூன்று விரலைப் பதித்தார். குறி விழுந்த குடிசைகளை மறுநாள் வெளியூர் ஆட்கள் வந்து பிரிப்பார்களாம். முதல் குறி எங்கள் சுவரில்.

அழித்துவிடலாம் என்றார் அப்பா.

"அழிச்சா பயந்துட்டோம்னு ஆயிடும்" என்று அம்மா சுண்ணாம்பைக் கரைத்தார். தெருப் பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரில் குறியில்லாத சுவரே இல்லை. மாரியம்மன் கோயில், பண்ணை மாட்டுக்கொட்டகை, கடைசியாக ஏஜெண்ட் வீடு.

மறுநாள் வந்த ஆட்கள் எதைப் பிரிப்பதென்று விழித்தார்கள். ஏஜெண்ட் எங்கள் குடிசையைக் காட்டினார். அம்மா குறுக்கே நின்றார்.

"குறி வச்ச வீட்டைத்தானே பிரிக்கச் சொன்னீங்க? உங்க வீட்டுலேருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க."

வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அது மற்றவர்களையும் தொற்றியது. சிரித்த கையால் கூரையைப் பிரிக்க வராது. போய்விட்டார்கள்.

பட்டா பிறகுதான் வந்தது. இன்று பண்ணை வீடு கல்யாண மண்டபம், களம் பிளாட். நெல்லுக்கு நண்டு தர யாருமில்லை. அம்மாவும் இல்லை. குடிசை போய்ச் செங்கல் வீடு எழுந்தபோது, பூச்சு காயுமுன் வாசல் சுவரில் அம்மா தன் மூன்று விரலை அழுத்தினார். கொத்தனார் பதறிப்போய்க் கரண்டியோடு வந்தார்.

அதன்மேல் கை வைக்க அம்மா விடவில்லை. நானும் இன்றுவரை பெயிண்ட் அடிக்க விட்டதில்லை.