பத்து மணிப் பெயர்கள்

"இவர் தன் மனக்கஷ்டத்தை யாரிடம் சொல்கிறார்?"

படிவத்தில் இது பதினான்காவது கேள்வி. என் சொந்தத் தாய்மாமனைப் பற்றி இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். ஆனாலும் தெரியவில்லை. 'குடும்பத்தினரிடம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, டிக் அழகாக விழுந்திருக்கிறதா என்று வேறு பார்த்தேன்.

மாமாவுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். கல்யாணம், கடை திறப்பு, விளையாட்டுப் போட்டி எதுவானாலும் முதலில் அவர் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் தொடங்கும். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'ஹலோ'. தனிக்கட்டை. மேடையில் யார் பெயரை வாசிக்க வேண்டியிருந்தாலும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். பரிசு வாங்க வருகிற பிள்ளையின் பெயரை அவர் தடுமாறிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆற்றுக்கரை உடைந்து பாதி ஊர் போனபோது, விளையாட்டு விழாவுக்காக அவருடைய செட் பள்ளிக்கூடத்தின் மாடியில் இருந்தது. அதனால் தப்பித்தது. பள்ளிக்கூடம் முகாமானது. யார் கையிலும் போன் வேலை செய்யவில்லை. அடையாளம் தெரிந்த உடல்களின் பெயர்களைத் தினமும் காலை பத்து மணிக்கு மைக்கில் வாசிக்கும்படி முகாம் அதிகாரி மாமாவிடம் சொன்னார். அதிகாரிக்கு அது ஒரு வரி உத்தரவு. மாமா அதை இருபத்துமூன்று நாள் செய்தார்.

அந்தப் பெயர்களையும் அவர் பழகிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒரு பெயரையே திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "என்ன மாமா, இதுக்கும் ரிகர்சலா?" என்று கேட்டேன். நான் அப்படிப்பட்ட அறிவாளி.

"கடைசியா ஒரு தடவ ஊரே கேக்கப் போகுது. தப்பாச் சொல்லலாமா?" என்றார்.

இரண்டாவது வாரத்திலேயே அவரைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள். தண்ணீர் வரிசையில் அவர் நின்றால் பேச்சு நின்றுவிடும். டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒருவர் பாதி டீயோடு எழுந்து போனார். சின்னப் பிள்ளைகள் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அவர் குரலும் நாளுக்கு நாள் இறங்கியது. கடைசியில் மைக் இருந்தால்தான் கேட்கும் என்றாகி, வீட்டில் எதற்கெடுத்தாலும் சைகை.

"தொண்ட கட்டிக்கிச்சு. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்கண்ணே, சரியாப் போயிடும்" என்றாள் அம்மா. அவர் கொப்பளித்தார். நாங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இருபத்துமூன்றாம் நாள் பிற்பகல் மனநல ஆதரவுக் குழு வந்து இறங்கியது. ஆட்களுக்கு முன்னால் பேனர் இறங்கியது. சட்டைக்கு மேல் நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, கட்டுக்கட்டாகப் படிவம். சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து மூஞ்சி வரைந்த ஒரு தாள். வீடு போனவர்கள் அதில் தங்கள் மூஞ்சி எது என்று வட்டம் போட வேண்டும். இந்த வேலையை உண்மையாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்கு வாய்த்தது இது.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிடந்த நான் முதல் ஆளாகச் சேர்ந்தேன். கோட்டு எனக்கும் கிடைத்தது. இரண்டு மணி நேரப் பயிற்சி. அதில் அரை மணி நேரம் கைதட்டல். பயிற்சிக்காக மாமாவைப் பற்றி ஒரு படிவம் நிரப்பினேன். அதைத்தான் மேலே சொன்னேன். குழுவின் ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

"இவரு வீட்டுல தண்ணி வரலையே தங்கச்சி. பாதிக்கப்பட்டவர் லிஸ்ட்டுல வரமாட்டாரு. பணியாளர். நம்ம ஆளு! நம்ம ஆளுங்களுக்கு என்ன கொறச்சல்?"

நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிகம் கஷ்டத்தில் இருப்பவர்கள் என்று அவர்கள் முடிவு செய்த நாற்பது பேர். அதில் முகாமில் தங்கியிருந்த தையல்கார அக்காவின் மகனும் ஒருவன். பன்னிரண்டு வயது, தூக்கத்தில் அலறுகிறவன். வகுப்பறை வகுப்பறையாகப் போய்க் கூப்பிட்டால் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒருங்கிணைப்பாளர் பட்டியலை மாமாவிடம் நீட்டினார்.

"பத்து மணிக்கு எல்லாரும் மைக்கக் கவனிப்பாங்களாமே? அந்த நேரத்துக்கே வாசிச்சிடுங்க."

மாமா தாளைத் தொடவில்லை. காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "சார், இந்த மைக்குல உசுரோட இருக்கறவங்க பேர நான் வாசிச்சதே இல்ல சார்."

"அதத்தான் மாத்தப் போறோம்! பாசிட்டிவா யோசிங்க."

"ஒவ்வொரு ரூமா நான் போய்க் கூட்டிட்டு வரேன் சார்."

"பதினோரு மணிக்குப் படம் எடுக்க ஆள் வருது. அதுக்குள்ள நாப்பது பேரு வட்டமா உக்காந்திருக்கணும்."

அதிகாரியும் வந்தார். "வாசிக்க முடியலன்னா செட்ட எடுத்துட்டுக் கெளம்பு. வேற செட் கெடைக்காதா என்ன?" என்றார். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒருங்கிணைப்பாளரின் பார்வை கோட்டு போட்டவர்கள் பக்கம் திரும்பியது. "நான் வாசிக்கிறேன் சார்" என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நல்ல குரல் எனக்கு. தந்தை பெயர், ஆள் பெயர், வயது என்று அவர்கள் எழுதிக்கொடுத்த வரிசையில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மாமா இருபத்துமூன்று நாள் வாசித்ததும் அதே வரிசைதான். 'கூட்டத்துக்கு வரவும்' என்ற வரி தாளின் அடியில், நாற்பதாவது பெயருக்குக் கீழே இருந்தது.

தையல்கார அக்காவின் மகன் பெயர் மூன்றாவது. அவன் அந்த நேரம் ரொட்டி வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அக்கா மாடியில் இருந்தார்.

ஆறாவது பெயரில் வெளியே சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு வருகிறார்கள் என்றே நினைத்தேன். ஒருங்கிணைப்பாளரும் அப்படியே நினைத்தார். வாசலில் கையை விரித்து நின்று, "வாங்க, வாங்க, மெதுவா, எல்லாருக்கும் எடம் இருக்கு" என்றார். மார்பில் அறைந்துகொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்து அப்படிச் சொன்னார்.

மாமா வயரைப் பிடுங்கினார். வெளியே ஓடினார். மைக் இல்லாமல், கிழிந்த குரலில், முற்றத்தின் நடுவில் நின்று கத்தினார்.

"உசுரோட இருக்காங்க! எல்லாரும் உசுரோட இருக்காங்க!"

அக்கா அதற்குள் மாடிப்படியில் உருண்டு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். மாமா என் கையிலிருந்த பட்டியலைப் பறித்து, ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொரு குடும்பத்திடமும் பெயரைச் சொல்லி, அந்த ஆள் உயிரோடு இருப்பதைச் சொன்னார். அன்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. ஒதுக்க நேரமில்லை.

குழு அன்று மாலையே புறப்பட்டது. போவதற்கு முன் அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள்: "பங்கேற்பாளர்களிடம் ஆழமான உணர்ச்சி வெளிப்பாடு காணப்பட்டது." படிவம் பாக்கியாம், கட்டுப் போட்ட கையோடு இருந்த அக்காவிடமும் மூஞ்சித் தாளை நீட்டினார்கள்.

"இதுல கை ஒடைஞ்ச மூஞ்சி எது?" என்றார் அக்கா.

மறுநாள் பத்து மணிக்கு மாமா மைக் அறைக்குள் போகவில்லை. இனி அதைத் தொடமாட்டேன் என்று சைகையில் சொல்லிவிட்டு, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் அவர் தொழில், அவ்வளவுதான் அவர் குரல் என்றே எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

தையல்கார அக்கா கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "ஹலோ அண்ணே, என் பையன் பேர இன்னொரு தடவ மைக்குல சொல்லணும்."

மாமா நிமிர்ந்தார்.

"குளிக்காம எங்கயோ ஓடிட்டான். உடனே வந்து குளிக்கச் சொல்லுங்க. ஊரு கேக்கட்டும். நேத்துக் கேட்ட அந்தப் பேரு அப்படியே என் காதுல நிக்கக் கூடாதுண்ணே."

மாமா சுருட்டிய வயரைப் பிரித்தார். பிறகு செருகினார். "ஹலோ" என்றார். முற்றம் உறைந்தது. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் பையனின் பெயரைப் பிசகில்லாமல் சொல்லி, "உங்கம்மா குளிக்கக் கூப்புடுறாங்க. சோப்பு மறக்காத" என்றார். எங்கோ ஒரு பையன் "ஐயையோ, மானம் போச்சே!" என்று கத்தினான்.

இப்போது அந்த மைக்கில் தண்ணீர் வரும் நேரமும், காணாமல் போன செருப்பும்தான். இறந்தவர்களின் பெயரை மாமாவும் இன்னொருவரும் வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்கிறார்கள். அதிகாரி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மாமா அனுமதி கேட்கவும் இல்லை. அவர் முழுக்கத் தேறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். சில நாள் குரல் வருவதே இல்லை. அன்று நான் போய் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் ஊரிலும் ஒரு நாள் தண்ணீர் வரலாம். அதன் பின்னாலேயே கோட்டும் படிவமும் வரும். அவர்கள் மைக்கைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கதையை யாராவது அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கோட்டு போட்டுக்கொள்ள ஆசையாக நிற்கிற என் வயதுப் பிள்ளைகளிடம் அதற்கும் முன்னால் சொல்லுங்கள்.