செஞ்சி நூலகத்தில் சத்தம் போடாமல் ஒரு மணி நேரம்

எங்கள் ஊர் நூலகத்தில் குறட்டை விட்டதற்காக என்னை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் என் மைத்துனன் சொல்லிவிடுவான். திண்டிவனத்தில் இந்த மாதிரிச் செய்தி சாயங்காலத்துக்குள் மளிகைக்கடைக்குப் போய்விடும். போயிற்று. "இன்னா சார், இன்னிக்கு லைப்ரரி போவல? வூட்லயே படுத்துட்டீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர், பருப்பை நிறுத்தபடியே.

இதில் வேடிக்கை என்னவென்றால், "குடும்பத்தோடு நூலகம் போங்கள்" என்று இதே வலைப்பூவில் உங்களுக்கு உபதேசம் செய்தவன் நான்தான். தூங்கினால் குறட்டை, விழித்திருந்தால் அதைவிட மோசம். பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன். மனைவி கோமதி கையில் இருக்கும் நாவலை எட்டிப் பார்த்து முடிவைச் சொல்லிவிடுவேன். பல சமயம் அது தப்பான முடிவாகவும் இருக்கும்.

குறட்டைச் சம்பவத்துக்குப் பிறகு குடும்ப நூலகப் பயணம் நின்றுபோயிற்று. நான்கு மாதம் கெஞ்சினேன். என்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போகலாம், செஞ்சிக்குப் போகலாம் என்றேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் நிலா நிபந்தனை போட்டாள்.

"ஒரு மணி நேரம் உங்க வாயிலேர்ந்து சத்தமே வரக் கூடாது நைனா. வந்துச்சுன்னா அதோட முடிஞ்சிது. இனிமே உங்ககூட எந்த லைப்ரரிக்கும் வரமாட்டோம்."

"அதெல்லாம் ஆவற கதயா?" என்றாள் கோமதி. ஒப்புக்கொண்டேன்.

போன ஞாயிறு காலை எட்டரைக்குப் பேருந்து. திண்டிவனத்திலிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். ஐம்பது நிமிடத்தில் இறங்கிவிட்டோம். ஒரு டீக்கடையில் காபி குடித்தோம். பேசித் தீர்க்க வேண்டியதையெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்தேன். நூலக வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி ஒன்பது நாற்பது. நிலா கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் மேசையில் பார்வையாளர் பதிவேடு. பேனாவை எடுக்கிறேன், நூலகர் அம்மாள் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்து முகம் மலர்கிறார்.

"வாக்கா! இன்னா போன தபா ஆளயே காணோம்? நீ கேட்ட புக்கு வந்துட்டுது, எடுத்து வச்சிருக்கேன். பாப்பாவும் வந்திருக்குதா?"

பிறகு என்னைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதான் அந்த சாரா?"

வாசகர்களே, நான் வாயைத் திறக்க முடியாது. அதே மேசையில் பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். கோமதி, நிலா. கோமதி, நிலா. நான்கு மாதமாக, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, இரண்டு கையெழுத்தும் ஒன்றன் கீழ் ஒன்றாக. அந்த ஞாயிறுகளில் அவர்கள் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் இருக்கும் கோமதியின் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். சகலைக்கும் எனக்கும் ஆகாது என்பதால் நான் போகமாட்டேன். அதைக் கணக்குப் போட்டுத்தான் அக்கா வீட்டைச் சொல்லியிருக்கிறாள்.

கையைக் காலை ஆட்டி நிலாவிடம் விளக்கம் கேட்டேன். அவள் கைப்பேசி நேரத்தைக் காட்டினாள். இன்னும் ஐம்பத்தாறு நிமிடம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழுள்ள நாற்காலிகளில் தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது சுவரோர நாற்காலியும் ஒரு பேப்பரின் நடுப்பக்கமும். மீதிப் பக்கங்கள் நான்கு பேர் கையில் இருந்தன. கோமதி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. வீட்டில் அவள் படித்தால் குக்கருக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது கொடுத்துத்தான் படிப்பாள். இங்கே இரண்டு காதும் அவளுடையவையாகவே இருந்தன.

இன்னொரு முறை நான் பார்த்தபோது மணி பத்தே கால். படிக்கிற இடத்தில் நேரம் இப்படித்தான் ஓடும். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாள். எந்தப் புத்தகம் என்று அட்டையைப் பார்க்க முயன்றேன், தெரியவில்லை. யாரோ முகம் தெரியாத ஆள் எழுதியதற்கு என் மனைவி இப்படிச் சிரிக்கிறாள். இருபது வருடமாக நகைச்சுவை எழுதுகிற எனக்குக் கிடைப்பதோ "போதும் நிறுத்துங்க" மட்டும்தான்.

பத்து நாற்பதுக்கு வாசலுக்கு வந்து, செருப்புகளுக்கு நடுவே நின்று கேட்டேன்: "ஏன் எங்கிட்ட சொல்லல?"

கோமதி யோசிக்கக்கூட இல்லை. "சொன்னா நீங்களும் வருவீங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "நீங்க கோட்டைய பாத்துட்டு வாங்க. நாங்க இன்னும் கொஞ்ச நேரம் படிக்கறோம்" என்று இருவரும் மறுபடி உள்ளே போனார்கள். உள்ளே நூலகர் அம்மாள் ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரிப்பது கேட்டது.

கோட்டைக்கு ஆட்டோவில் போனேன். நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து ரூபாய். ராஜகிரி மலையில் அறுபது படி ஏறினேன், மூச்சு வாங்கியது, உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த குரங்கு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டது. அதுவும் தனியாக இருக்கத்தான் விரும்பியது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை, மற்ற நாட்களின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் திறக்கும்போதே நில்லுங்கள். கோட்டையைக் காலையில் முடித்துவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கும். குடும்பத்தோடு நூலகம் போவதில் பெரிய சந்தோஷம் இருக்கிறது, என் குடும்பத்தைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்கு நீங்களும் தேவையா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எனக்குக் கவலையில்லை. நிபந்தனையில் ஜெயித்துவிட்டேன், அடுத்த ஞாயிறு அவர்கள் என்னை அழைத்துப் போயே ஆக வேண்டும்.

எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை நிலாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிழையெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. ஒம்போது அம்பதுலேர்ந்து பத்தே கால் வரிக்கும் குறட்ட உட்டீங்க. அம்மா சிரிச்சது புக்க பாத்து இல்ல."