முந்தானை ஓரத்தில் மஞ்சள்

ஒவ்வொரு புடவையையும் பொட்டலம் கட்டி அனுப்புவதற்கு முன்னால் நான் படம் எடுத்துக்கொள்வேன். விரித்து ஒன்று, முந்தானையை மட்டும் ஒன்று. இது பயத்தில் வந்த பழக்கம். ஒரு முறை யாரோ கட்டிப் பார்த்துவிட்டு, சாம்பார் வாசனையோடு திருப்பி அனுப்பிய புடவைக்கு நான் புடவை விற்கும் போன் ஆப்காரர்கள் அவர் கேட்டபடியே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாசனையை எப்படிப் படம் எடுப்பது? வாங்கியவர் ஒரு வரி எழுதினால் போதும். விற்றவர்தான் தன் மேல் குற்றமில்லை என்று காட்ட வேண்டும். அதையும் இரண்டு நாளுக்குள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்று புகார் சேர்ந்தால் ஆப்பில் என் கடையை மூடிவிடுவார்கள். செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள் நான். போன் அதிரும்போதெல்லாம் புகாராகத்தான் இருக்கும் என்று ஓடிப்போய் எடுப்பேன்.

ஆப்புக்கு வருவதற்கு முன், சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் ஒரு புடவைக் கடையில் பதினெட்டு வருடம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள்தான் கூட்டம். மனைவியை வீடியோவில் அழைத்து, புடவையைத் தோளில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். நானும் போட்டுக் காட்டுவேன். தீபாவளி நெருங்கிவிட்டால், "அக்கா, ஓரத்துல மஞ்சள் வச்சுக் குடுங்க. அவ கட்டும்போது வைக்க அங்க பெரியவங்க யாரும் இல்ல" என்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இருக்கும். முந்தானை ஓரத்தில், உள்பக்கமாக, பொட்டளவு வைத்து மடித்துக் கொடுப்பேன்.

பிடிக்காத புடவை அடுத்த ஞாயிறு திரும்பி வரும். "அக்கா, கோச்சுக்காதீங்க. அவளுக்குப் பச்சைதான் வேணுமாம்."

"போன வாரம் பச்சைய எடுத்தப்ப, கிளி மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னேன், அவ சொல்லலையே அக்கா."

மாற்றிக் கொடுப்போம். சில பேர் ஏமாற்றியும் இருப்பார்கள். ஆனால் ஏமாற்றுகிறவரும் எதிரில் வந்து நின்றுதான் ஏமாற்ற வேண்டும். இன்றைக்கும் ஞாயிறு மதியமானால் அந்த மாடிக்கு ஏறிப் போய்விடலாமா என்றிருக்கும். கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பை விற்கிறார்கள்.

போன தீபாவளிக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு மேசையில் மூன்று புடவைகளைப் பொட்டலம் கட்டினேன். அடுத்த வாரம் புகார் வந்தது. சந்தன நிறப் பட்டுப் பருத்திப் புடவையில் மஞ்சள் கறை, பணம் திரும்ப வேண்டும் என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்தானை ஓரத்தில், உள்பக்கமாக, பொட்டளவு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தைவிடப் பயம்தான். மகளை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். "இது கறை இல்லை, புதுத்துணிக்கு நாங்கள் வைக்கும் மஞ்சள். வாங்கியவர் சாமி கும்பிட்டு, கட்டிவிட்டுத் திருப்பித் தரப் பார்க்கிறார்."

"ஷுவராம்மா? ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்லா."

"எதக் கேக்கறது? நம்ம ஆளுங்க செய்றது எனக்குத் தெரியாதா?"

நான் எடுத்து வைத்திருந்த சுத்தமான முந்தானைப் படத்தையும் சேர்த்து அனுப்பினோம். நான்கு நாளில் முடிவு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்காது என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். கடைசியாக ஒரு முறை ஆப்பில் அந்தப் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். முடிவு வருவதற்குச் சற்று முன் அவர் எழுதிய ஒரு வரி அதில் கிடந்தது.

"ஆன்ட்டி, நாங்க முஸ்லிம். எங்க வீட்ல துணிக்கு மஞ்சள் வைக்கிற பழக்கமே இல்ல."

ஆப்பில் அவர் பெயர் இரண்டு எழுத்து, படம் ஒரு பூனை. கடைக்கு வந்திருந்தால் பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அனுப்பிய மற்ற இரண்டு புடவைகளை வாங்கியவர்களும் மஞ்சள் வைத்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். இருவருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருவர் இருந்தது என்றார். இன்னொருவர், "இல்லையேக்கா, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். படம் பொய் சொல்லவில்லை. படம் எடுத்த பிறகு, மடிக்கும்போது, என் விரல்தான் மாறிப் போயிருக்கிறது.

தப்பு என்னுடையது என்று சொல்ல ஆப்பில் இடம் தேடினோம். வாங்கியவர் புகார் சொல்ல இடம் இருக்கிறது, விற்றவர் மறுக்க இடம் இருக்கிறது. விற்றவர் ஒப்புக்கொள்ள எந்தப் பொத்தானும் இல்லை. மகள் எழுதிக் கேட்டதற்கு, கேஸ் முடிந்துவிட்டது என்று மட்டும் பதில் வந்தது. வாங்கியவருக்கு எழுதும் பெட்டியும் மூடிக் கிடந்தது.

"அட்ரஸ் இருக்கே" என்றேன்.

"அம்மா, கஸ்டமர் வீட்டுக்கெல்லாம் போகக்கூடாது. ரிப்போர்ட் பண்ணிடுவாங்க. அப்புறம் உங்க கடையே போயிடும்."

மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குப் போனேன். எட்டாவது மாடி. இரும்புக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். யார் என்று சொன்னதும் கதவைப் பிடித்திருந்த கை இறுகியது.

"மஞ்சள் வச்சது நான்தாம்மா. வேற புடவைக்கு வைக்க வேண்டியது. இப்பத்தான் தெரிஞ்சுது."

"நான் கட்டவே இல்ல ஆன்ட்டி. மடிப்பு கூட முழுசா பிரிக்கல. எங்க அக்கா நிக்காஹ்வுக்கு அம்மா கட்ட வாங்கினது. ஓரத்துல அதப் பாத்துட்டு, அம்மா வேற கட்டிக்கிட்டாங்க."

"தெரியும்மா."

"அன்னிக்குத் தெரியலையே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல. பொய் சொல்றேன்னு எழுதிட்டீங்க. இப்ப என் அக்கவுண்ட்ல பொய்ப் புகார்னு ஒரு மார்க் இருக்கு."

தப்பு என்னுடையது என்று ஆப்புக்கு எழுதியதையும், கேஸ் முடிந்துவிட்டது என்று அவர்கள் பதில் போட்டதையும் சொன்னேன். கவரை நீட்டினேன். கம்பிக்கு நடுவே வாங்கிக்கொண்டார். உள்ளே போய் அந்தப் புடவையை அதே பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். டிவியில் தமிழ்ச் செய்தி ஓடியது. ஒரு நிமிடம் உட்காரச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவருடைய அம்மாவிடமும் சொல்லியிருப்பேன்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி வேணுமா?" என்றார்.

வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேணாம்மா, போற வழியில குடிச்சுக்கிறேன்" என்று வந்துவிட்டது.

லிப்ட் பக்கத்தில் நின்றேன். அவர் இன்னும் கம்பிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். முதலில் வந்த லிப்டில் நான் ஏறவில்லை. அது காலியாகவே கீழே போனது. இரண்டாவது வந்தபோது திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த மரக்கதவும் சாத்தியிருந்தது.