பத்மாவதி அத்தையின் அறையில் ஒரு மேசை

பிரம்மி கேட்டதெல்லாம் சாத்திக்கொள்ள ஒரு கதவுதான்.

எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் அவள். நேமிகுமாரைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்தபோது சென்னைக் கம்பெனி வேலையையும் லேப்டாப்பில் கூடவே கொண்டுவந்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. ஓர் எண் பிசகினால் போதும், பித்தப்பையில் கல் என்று வந்த ஆணுக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடும்.

அந்த வீட்டுக் கூடத்தில் அது அடிக்கடி ஆனது. ஒரு பக்கம் மாமியார் சந்தனாவின் சீரியல், இன்னொரு பக்கம் மிக்ஸி, வாசலில் நேமிகுமார் வியாபாரம் செய்கிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை ஏற்றி இறக்குகிறவர்களின் கூச்சல். டீம் லீடர் கலைமதி போனில் சொல்லிவிட்டாள். "இந்த மாசமும் இவ்ளோ தப்பு வந்துச்சுன்னா சென்னை ஆபீசுக்கே வந்துடணும் பிரம்மி. என்னால ஒண்ணும் பண்ண முடியாது." சென்னை என்றால் ஹாஸ்டல். நேமிகுமார் ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாகிவிடுவான்.

பின்கட்டில் ஓர் அறை சும்மாத்தான் கிடந்தது. நேமிகுமாரின் பெரிய அத்தை பத்மாவதி சல்லேகனை இருந்து உயிர்விட்ட அறை. எங்கள் ஜைனக் குடும்பங்களில் அது சாவு அல்ல, புறப்பாடு. வயது முதிர்ந்து, உடம்பு இனி உதவாது என்று தெரிந்தபின், முறைப்படி விரதம் வாங்கி, உணவை ஒவ்வொன்றாக விட்டு, அமைதியாகப் போவது. அப்படிப் போன ஒரு முனிவரைப் பற்றி எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநாதர்குன்றுப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பத்மாவதி போனபின் அந்த அறையில் யாரும் படுத்ததுகூட இல்லை.

"அங்க வேணாம்மா," என்றாள் சந்தனா.

"ஏன் அத்தை, பேய் இருக்குதா?"

"வாயக் கழுவு. அவங்க சாமியாப் போனவங்க. அங்க போயி சக்கரம் வெச்ச நாற்காலியப் போட்டு உருட்டுவியா?"

உருட்டினாள். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி மேசை. திரை கண்ணுக்கு நேராக வர அடியில் ஒரு பலகை. முதுகுக்குத் திண்டு, காலுக்கு மணை. மேற்கு ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை நிற்கும். கண் களைத்தால் பார்த்துக்கொள்ளலாம். கதவைச் சாத்தினால் சீரியல்காரிகளின் அழுகைகூட உள்ளே வராது. அறையின் குளிர்ச்சியைச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மலைப்பாறையெல்லாம் அடுப்பாகக் காயும்போது, அங்கே மட்டும் விடிகாலைபோல இருக்கும். மின்விசிறி போட்டால் பிரம்மிக்குச் சால்வை வேண்டும்.

வேலை பறந்தது. ஒரு தப்பு கிடையாது. கலைமதியே கூப்பிட்டு, "இன்னா சாப்பிடறீங்க, எனக்கும் சொல்லுங்க," என்று கேட்டாளாம்.

பிரம்மி சாப்பிடவில்லை. அதுதான் சங்கதி.

முதலில் சோறு அப்படியே திரும்பி வந்தது. "அப்புறம் சாப்டறேன் அத்தை." கொஞ்ச நாளில் பால் போதும் என்றாள். பிறகு பாலும் வேண்டாம், மோர். சந்தனா பயப்படவில்லை, பெருமைப்பட்டாள். மருமகள் நோன்பு இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். எங்கள் மடம் இருக்கிற மேல்சித்தாமூரிலிருந்துகூட உறவுக்காரப் பெண்கள் வந்து, சாத்திய கதவுக்கு முன் கைகூப்பிவிட்டுப் போனார்கள். உள்ளே அவள் காதில் ஹெட்போனோடு ஓர் அமெரிக்கனின் மூலநோய்க்கு எண் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது சந்தனா வெந்நீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். "மோரும் விட்டுட்டா. தண்ணி மட்டுந்தான்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சோறு, பால், மோர், வெறும் தண்ணீர். பத்மாவதியின் கடைசி நாட்களில் நான் அவள் பக்கத்தில் இருந்தவள். இதே வரிசை. அடுத்தது தண்ணீரும் இல்லை.

"சந்தனா, இவ யார்கிட்ட நோன்பு வாங்கினா?"

"இன்னாக்கா கேக்கற?"

"வாங்காம ஏது நோன்பு? மடத்து சாமிகிட்ட வாங்கினாளா, கோயில்ல வாங்கினாளா?"

சந்தனா சொம்போடு திரும்பினாள். கதவைத் தள்ளினாள். திரை வெளிச்சத்தில் பிரம்மியின் முகத்தில் எலும்புதான் முதலில் தெரிந்தது.

"சாப்டியா பிரம்மி?"

"சாப்டேனே அத்தை," என்றாள் திரும்பாமல். "வயிறு நிறைஞ்சிருக்குது. பக்கத்துல உக்காந்து ஊட்டினீங்களே." நீட்டிய வெந்நீரையும் கையால் தள்ளினாள்.

பொழுது ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்பது ஜைன வழக்கம்; இருட்டிவிட்டால் அந்த வீட்டில் யார் வாயிலும் எதுவும் போகாது. மறுநாள் வரை இவள் தாங்குவாளா? சோற்று வாசனை மூக்கில் ஏறினால் பசி வரும் என்று சந்தனா மின் அடுப்பைத் தூக்கிவந்து அந்த அறையிலேயே உலை வைத்தாள். உலை கொதித்தது. அரிசி போட்டாள். தளதளவென்று கொதிக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்கிறது, கரண்டியில் எடுத்துப் பார்த்தால் அரிசி அரிசியாகவே இருக்கிறது. நானே வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தேன். பல் கூசியது. நம்பாதவர்கள் சந்தனாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

"அத்தை, சத்தம் போடாதீங்க. வேலை கெடுது," என்றாள் பிரம்மி. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அது பிரம்மியின் குரல் இல்லை.

மார்க்கெட் கமிட்டியிலிருந்து அப்போதுதான் வந்த நேமிகுமார் நேராக உள்ளே நுழைந்தான். மேசையை லேப்டாப்போடு தூக்கினான். ஹெட்போன் ஒயர் போன வழியே அவளும் எழுந்து நடந்தாள். நிலைப்படியைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, எனக்குப் பசிக்குது," என்று சின்னப் பிள்ளைபோல அழுதாள். அதே பானையைச் சந்தனா சமையலறை அடுப்பில் ஏற்றினாள். ஒரே கொதியில் வெந்தது. மலை உச்சியில் கடைசி வெளிச்சம் இருக்கும்போதே கஞ்சியாகக் குழைத்து ஊட்டிவிட்டாள்.

மறுநாள் சந்தனா அந்த அறையைப் பூட்டினாள். கூடத்தின் மூலையில் நேமிகுமார் மல்லாட்டை மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மூன்று பக்கமும் அடுக்கி, நடுவில் மேசை போட்டான். மூட்டைகள் சீரியலை முக்கால்வாசி விழுங்கின. தூசியில் தும்மல் வரும், எலியும் வரும். தப்பும் வந்தது, தினமும் ஒன்றிரண்டு. இந்த மாதக் கணக்கில் தேறுவோமா என்று பிரம்மிக்கு நிம்மதியே இல்லை. ஆனால் வேளை தவறாமல் பசித்தது.

மாதக் கடைசியில் மதியம், சமையலறையில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கலைமதியின் போன். நானும் அங்கேதான் இருந்தேன்.

"தேறிட்டீங்க பிரம்மி. வீட்டுலயே இருங்க. ஆனா சாப்பாட்டு நேரத்துல வேலை பாக்காதீங்க, மேலிடத்துல திட்டறாங்க. இத்தனைக்கும் அந்த நேரத்துல நீங்க முடிக்கறதுல ஒரு தப்புகூட இல்ல. இப்பக்கூட உங்க லாகின்ல வேலை ஓடிட்டுதானே இருக்குது?"

பிரம்மி கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

"சரி மேடம்," என்றாள். "சொல்லிடறேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டை நீட்டினாள். "அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."